பெயர் தெரியாத லென்ஸின் வளைவுகளை அளப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பகுதியிலிருந்து இம்மாதம் வந்த அறிவியல் கேள்விகளில் பெரும்பாலானவை பழைய லென்ஸ்களைப் பற்றியவை. அவற்றைச் சேர்த்து இங்கே விடை தருகிறோம். முதல் பதிலில் சொல்லும் முறையே பின்வரும் பதில்கள் பலவற்றுக்கும் அடிப்படை என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாங்கட்டு அறையில் இருந்த மரப்பெட்டியைத் திறந்தபோது, பித்தளை வளையத்தில் பதித்த லென்ஸ் ஒன்று கிடைத்தது. எங்கள் ஐயா ரங்கூனில் லேவாதேவி நடத்தியவர். அங்கிருந்து வந்த சாமான்களோடு இதுவும் வந்திருக்கலாம். குறுக்களவு 75 மில்லிமீட்டர். இரு பக்கமும் புடைத்திருக்கிறது. ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. பெயரோ எண்ணோ எங்கும் இல்லை. இதேபோல் ஒன்று செய்து தரக் கேட்டால், "இரண்டு பக்கத்து வளைவும் தெரிந்தால்தான் செய்ய முடியும்" என்கிறார்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அவர்கள் கேட்டது நியாயமானதே. லென்ஸின் பவரைச் சொன்னால் போதும் என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் ஒரே பவரைப் பல உருவங்களில் கடைந்துவிட முடியும். 250 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள லென்ஸ் வேண்டுமென்றால், ஒளிவிலகல் எண் (ஒளியைக் கண்ணாடி எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் எண்) 1.52 உள்ள கண்ணாடியில் இரு பக்கமும் 260 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைக்கலாம். ஒரு பக்கத்தைத் தட்டையாக விட்டு மறுபக்கத்தை 130 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைக்கலாம். மூக்குக் கண்ணாடி போல ஒரு பக்கம் புடைத்து மறுபக்கம் குழிந்ததாகவும் செய்யலாம். குவியத் தொலைவு ஒன்றாக இருந்தாலும் பிம்பத்தின் தரம் ஒன்றாக இராது. ஒரு பக்கம் தட்டையான லென்ஸில், தொலைவிலுள்ள பொருளை நோக்கி வளைந்த பக்கத்தை வைத்தால் வரும் கோளப் பிறழ்ச்சியைவிட (ஓரத்துக் கதிர்களும் நடுக்கதிர்களும் ஒரே இடத்தில் குவியாத குறை), தட்டைப் பக்கத்தை வைத்தால் ஏறத்தாழ நான்கு மடங்கு பிறழ்ச்சி வரும். ஆகவே நமக்குத் தெரியாதவை மூன்று: முன்பக்க வளைவு ஆரம், பின்பக்க வளைவு ஆரம், கண்ணாடியின் ஒளிவிலகல் எண். தெரியாதவை மூன்று என்றால், ஒன்றையொன்று சாராத மூன்று அளவுகளாவது எடுத்தாக வேண்டும். அந்த மூன்றையும் ஒரு டார்ச் விளக்கு, ஒரு தடித்த அட்டை, ஒரு முகக் கண்ணாடி, ஓர் அளவுகோல் ஆகியவற்றைக் கொண்டு உங்கள் வீட்டிலேயே எடுத்துவிடலாம்.

அட்டையின் நடுவில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குத் துளையிட்டு, துளையின் பின்புறம் எண்ணெய்த்தாள் போன்ற மெல்லிய தாளை ஒட்டி, முன்புறம் இரண்டு தலைமுடிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து ஒட்டிக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து டார்ச்சை அடித்தால், ஒளிரும் வட்டத்தில் கூட்டல் குறி போன்ற நிழல் தெரியும். இதுவே நம் பொருள்.

முதல் அளவு குவியத் தொலைவு. லென்ஸைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் பின்னால் ஒட்டினாற்போல முகக் கண்ணாடியை வையுங்கள். அட்டையை லென்ஸுக்கு எதிரே முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் அந்தக் கூட்டல் குறியின் பிம்பம் அதே அட்டையில், துளைக்குப் பக்கத்தில், தெளிவாக வந்து விழும். அட்டைக்கும் லென்ஸுக்கும் இடையிலுள்ள அந்தத் தூரமே குவியத் தொலைவு. குவியத்திலிருந்து புறப்பட்ட ஒளி லென்ஸைக் கடந்ததும் இணைக்கதிர்களாகிக் கண்ணாடியில் பட்டு, வந்த வழியே திரும்புவதுதான் இதற்குக் காரணம். இதற்காக முகப்பில் தொங்கும் பெல்ஜியம் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் சாதாரணக் கண்ணாடித் துண்டு போதும். தெருக்கோடி விளக்கின் பிம்பத்தைச் சுவரில் விழச் செய்தும் குவியத் தொலைவை அறியலாம் என்றாலும், விளக்கு 25 மீட்டர் தூரத்தில் இருந்தால் 250 என்பது 252.5 ஆகத் தெரியும். கண்ணாடி முறையில் அந்தத் திருத்தம் தேவைப்படாது.

இரண்டாவது அளவுதான் வளைவைக் காட்டிக் கொடுப்பது. பின்னால் இருக்கும் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். இப்போது ஒளியைத் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை என்று தோன்றும். ஆனால் ஒளி கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வெளியேறும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு உள்ளேயே திரும்புகிறது. லென்ஸின் பின்பக்கம் வெளியிலிருந்து பார்த்தால் புடைப்பு. உள்ளிருந்து வரும் ஒளிக்கோ அது குழியாடி. அட்டை சரியான இடத்துக்கு வந்ததும், கதிர்கள் அந்தப் பின்பரப்பில் செங்குத்தாக மோதி, வந்த வழியே திரும்பி, அட்டையில் பிம்பமாக விழும். இங்கிலாந்து இயற்பியலாளர் சார்ல்ஸ் வெர்னன் பாய்ஸ் (1855–1944) பெயரால் இதைப் பாய்ஸ் முறை என்பார்கள். முன்பரப்பிலும் எதிரொளிப்பு உண்டு என்றாலும், அது ஒளியை விரித்துவிடுவதால் அட்டையில் பிம்பமாக விழாது; குழப்பத்துக்கு இடமில்லை.

நூற்றில் நான்கு பங்கு என்பதால் அறை நன்றாக இருட்டாக இருக்க வேண்டும். கனத்த சுவர்களும் சிறிய சன்னல்களும் உள்ள உங்கள் இரண்டாங்கட்டு அறை இதற்கு எந்த ஆய்வுக்கூடத்துக்கும் குறைந்ததல்ல. முதலில் அட்டையில் மங்கலான ஒரு வெளிச்சத் திட்டு மட்டும் தெரியும். அட்டையை மெதுவாக நகர்த்த அது சுருங்கிக்கொண்டே வந்து, வெளிறிய சிறு வட்டமாகி, அதற்குள் முடிகளின் குறுக்குக் கோடு தலைகீழாகத் தெரியத் தொடங்கும். ஒரு மில்லிமீட்டர் தாண்டினாலும் கோடு கரைந்துவிடும். பிம்பம் துளையின் மேலேயே விழுந்து கண்ணுக்குத் தெரியாமல் போனால், லென்ஸை ஒரு மயிரிழை திருப்பி வையுங்கள். பிம்பம் பக்கத்துக்கு நகர்ந்துவிடும்.

இந்த முறையில் அளக்கப்படுவது அட்டைக்கு எதிரே உள்ள பக்கம் அன்று, அதற்கு அப்பால் உள்ள பக்கம். இதை மறந்து இரண்டு ஆரங்களையும் மாற்றி எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நேர்கிறது. ஆகவே பித்தளை வளையத்தின் ஒரு பக்கத்தில் மையால் புள்ளி வைத்துக்கொண்ட பிறகே தொடங்குங்கள். மூன்றாவது அளவுக்கு லென்ஸைத் திருப்பி வைத்து இதையே மறுபடியும் செய்ய வேண்டும்.

கணக்கு எளியது. குவியத் தொலைவையும் புதிதாக அளந்த தூரத்தையும் பெருக்குங்கள். குவியத் தொலைவிலிருந்து அந்தத் தூரத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுங்கள். வருவது வளைவு ஆரம். குவியத் தொலைவு 250, ஒரு பக்கத்தில் கிடைத்த தூரம் 111, மறுபக்கத்தில் 149 என்று வைத்துக்கொண்டால், முதல் ஆரம் 250 × 111 ÷ 139, அதாவது ஏறத்தாழ 200 மில்லிமீட்டர். இரண்டாவது 250 × 149 ÷ 101, அதாவது ஏறத்தாழ 369 மில்லிமீட்டர். கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணைப் பற்றி இதுவரை நாம் எதுவும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இப்போது லென்ஸ் உருவாக்குபவரின் சமன்பாட்டைத் தலைகீழாகப் பயன்படுத்தினால் அதுவும் கிடைத்துவிடும். 1 ÷ 250 என்பதை, 1 ÷ 200, 1 ÷ 369 ஆகிய இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.52 வரும். அதனோடு ஒன்றைக் கூட்டினால் ஒளிவிலகல் எண் 1.52. இது கிரவுன் எனப்படும் சாதாரண லென்ஸ் கண்ணாடியின் அளவு.

இந்த முடிவைச் சரிபார்க்க வேறு வழியும் உண்டு. லென்ஸ் வளையத்திலிருந்து வலியக் கழற்றாமல் தானே வருமானால், நகைக்கடைத் தராசில் எடை பாருங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய லென்ஸை அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம் கணக்கே லென்ஸின் கன அளவு, கன சென்டிமீட்டரில். லென்ஸின் எடை 62.30 கிராம், தண்ணீர் காட்டியது 24.80 என்றால் அடர்த்தி 2.51. கிரவுன் கண்ணாடியின் அடர்த்தி ஏறத்தாழ 2.5, ஒளியை அதிகமாக வளைக்கும் ஃபிளிண்ட் கண்ணாடியில் பரவலாகப் பயன்படும் வகையின் அடர்த்தி 3.6 என்பதால், இரண்டையும் குழப்பிக்கொள்ளவே முடியாது.

எவ்வளவு தூரம் இந்த எண்களை நம்பலாம்? மேற்சொன்ன கணக்கில் 149 என்பதை 150 என்று அளந்திருந்தால், ஆரம் 369 இலிருந்து 375 ஆகிவிடும். ஒரு மில்லிமீட்டர் பிழை ஆறு மில்லிமீட்டராகப் பெருகுகிறது. தட்டையாகிக்கொண்டே போகும் பக்கத்தில் பிழை இன்னும் பெருகும். ஒவ்வோர் அளவையும் பலமுறை எடுத்துச் சராசரி காண்பதைத் தவிர வேறு வழியில்லை. அதோடு, வெள்ளை ஒளியில் சிவப்பும் நீலமும் ஒரே இடத்தில் குவிவதில்லை. 250 மில்லிமீட்டர் கிரவுன் லென்ஸில் இவ்விரண்டுக்கும் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. டார்ச்சின் முன்னால் பச்சை நிற ஒளித்தாளை வைத்தால் குவியும் இடம் துல்லியமாகத் தெரியும். லென்ஸின் தடிமனும் கணக்கில் சேரும். அட்டையிலிருந்து லென்ஸின் முகம்வரை அளந்த தூரத்தோடு, நடுத்தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். கணக்கின் முடிவில் வரும் ஆரத்தோடும் அதே அளவைக் கூட்டுங்கள். 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள லென்ஸில் இந்தத் திருத்தம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாது.

இனி நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். 75 மில்லிமீட்டர் அகலமும் கால் மீட்டர் அளவுக்குக் குவியத் தொலைவும் உள்ள ஒற்றைக் கண்ணாடி லென்ஸ் தொலைநோக்கிக்கு ஆகாது. நிறங்கள் ஒரே இடத்தில் குவியாத நிறப்பிறழ்ச்சி பார்வையைக் கெடுத்துவிடும். உங்கள் லென்ஸும் இத்தகைய அளவில் இருந்து, வளையத்தின் ஒரு பக்கத்தில் கைப்பிடி திருகிய துளையும் இருந்தால், அது பேரேடு படிக்க வைத்திருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியாகவே இருக்க வேண்டும். அப்படியானால் புதிய லென்ஸ் எதற்கு? ஓரச் சில்லினால் குறைவது, அது மறைக்கும் பரப்பின் அளவு ஒளி மட்டுமே. பிம்பத்தின் கூர்மை கெடாது. பெயர்ந்த இடத்தில் கறுப்பு மையைத் தடவிவிட்டால், அங்கே சிதறும் ஒளியும் அடங்கிவிடும். வளைவுகளை அளந்து குறித்து வையுங்கள். லென்ஸை அப்படியே விட்டுவிடுங்கள் என்பதே எங்கள் யோசனை.

கேள்வி: நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். பழைய ஃபிரேமில் வந்த ஒரு லென்ஸை லென்ஸ் கிளாக்கில் வைத்தால் ஒரு பக்கம் +3.00, மறுபக்கம் +2.25 காட்டுகிறது. கூட்டினால் 5.25. ஆனால் லென்சோமீட்டரில் +6.12 வருகிறது. எந்தக் கருவியில் கோளாறு?
– வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டிலும் கோளாறு இல்லை. லென்சோமீட்டர் லென்ஸின் பவரை ஒளியைக் கொண்டே அளக்கும் கருவி. லென்ஸ் கிளாக் பவரை அளப்பதே இல்லை. அதன் ஓரத்து இரண்டு ஊசிகளும் அசையாதவை. நடு ஊசி மட்டும் வில்லின் மேல் நிற்கிறது. பரப்பு எவ்வளவு மேடாகவோ பள்ளமாகவோ இருக்கிறது என்பதை நடு ஊசி உணர்கிறது. அந்த மேடு, ஒளிவிலகல் எண் 1.53 ஆன கண்ணாடியில் இருந்தால் எத்தனை டயாப்டர் (பவரின் அலகு) ஆகும் என்று முகப்பில் அச்சிட்டிருக்கிறார்கள். வேறு கண்ணாடியை வைத்தாலும் அது 1.53 என்றே எண்ணிக்கொண்டு விடை சொல்லும்.

ஆகவே கிளாக் காட்டும் எண்ணைப் பவராகக் கொள்ளாமல் வளைவாக மாற்றிக்கொள்ளுங்கள். 530 ஐ அந்த எண்ணால் வகுத்தால் மில்லிமீட்டரில் ஆரம் கிடைக்கும். உங்கள் லென்ஸில் ஒரு பக்கம் 177, மறுபக்கம் 236. இந்த ஆரங்கள் எந்தக் கண்ணாடிக்கும் பொருந்தும். இதற்கு மேல் லென்சோமீட்டர் உங்களுக்கு இன்னொரு உதவியையும் செய்கிறது: 0.53 ஐ 6.12 ஆல் பெருக்கி 5.25 ஆல் வகுத்தால் 0.618 வரும், அதாவது ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.62. அது பழைய ஃபிளிண்ட் கண்ணாடியாகவும் இருக்கலாம், இக்காலத்து உயர் குறியீட்டுப் பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். எது என்பது கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். ஃபிளிண்ட் அந்தப் பிளாஸ்டிக்கைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் கனம்.

தடித்த பிளஸ் லென்ஸில், பின்முகத்திலிருந்து கணக்கிடும் லென்சோமீட்டர் இரு பக்கக் கூட்டுத்தொகையைவிடச் சற்றே கூடுதலாகக் காட்டும் என்பதால், தசமத்தின் மூன்றாம் இடத்தை நம்ப வேண்டாம். அளக்கும் முன் கிளாக்கைச் சமதளக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். லென்ஸின் மேல் வைத்துச் சுழற்றும்போது எண் மாறிக்கொண்டே போனால், அந்தப் பக்கத்தில் சிலிண்டர், அதாவது திசைக்குத் திசை மாறும் வளைவு, இருக்கிறது என்று பொருள். கோட்டிங் உள்ள பிளாஸ்டிக் லென்ஸில் ஊசியை அழுத்தி இழுத்தால் கீறல் விழும். அங்கே தூக்கித் தூக்கி வைப்பதுதான் சரி.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். கோளமானியால் அளந்தபோது ஒரு குவிலென்ஸின் ஆரம் 205 மில்லிமீட்டர் வந்தது. எதிரொளிப்பு முறையில் 200 வந்தது. கோளமானியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர் என்பதால் 205 தான் துல்லியம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எதை எழுதுவது?
– வாசகர், தேவகோட்டை

பதில்: மீச்சிற்றளவு (கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) சிறியதாக இருப்பதால் விடையும் துல்லியமாகிவிடும் என்பதில்லை. கோளமானி என்பது மூன்று கால்களும் நடுவில் திருகுக்காலும் கொண்ட, வளைவை அளக்கும் கருவி. அதன் சூத்திரத்தில் இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று, நடுக்கால் ஏறிய உயரம். மற்றொன்று, மூன்று கால்களுக்கும் இடையிலுள்ள தூரம். அது இருமடியாக, அதாவது தன்னையே பெருக்கிக்கொண்டு வருகிறது. கால்களின் தூரத்தை இருமடியாக்கி, உயரத்தின் ஆறு மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம் கிடைக்கும்.

கால்களின் தூரம் 40 மில்லிமீட்டர், உயரம் 1.338 மில்லிமீட்டர் என்று கொண்டால் ஆரம் 200 வரும். உயரத்தில் 0.01 மில்லிமீட்டர் தவறினால், விடை 1.5 மில்லிமீட்டர் அளவுக்கே மாறும். ஆனால் கால்களை நோட்டுத்தாளில் அழுத்தி, விழுந்த மூன்று புள்ளிகளுக்கு இடையே சாதாரண அளவுகோலை வைத்து 40.5 என்று படித்திருந்தால், விடை நேராக 205 க்குத் தாவிவிடும். நூறு பிரிவுள்ள தலைக்கோல் தந்த துல்லியம் முழுவதையும், அரை மில்லிமீட்டர் தடுமாறிய அளவுகோல் கரைத்துவிடுகிறது. உங்கள் வகுப்பில் நடந்திருப்பது இதுவாகவே இருக்க வாய்ப்பு மிகுதி. ஆகவே அந்தப் புள்ளிகளின் மூன்று பக்கங்களையும் வெர்னியர் அளவியால் அளந்து சராசரி எடுங்கள். ஆரம் தெரிந்த லென்ஸ் ஒன்று ஆய்வுக்கூடத்தில் இருந்தால், கோளமானியை அதன்மேல் வைத்துக் கால்களின் தூரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுவது இன்னும் நல்லது.

திருகை எப்போதும் ஒரே திசையில் சுற்றியே அளவைப் படிக்க வேண்டும். முன்னும் பின்னும் சுற்றினால் திருகின் தளர்ச்சி கணக்கில் ஏறிவிடும். நடுக்கால் கண்ணாடியைத் தொட்டதா என்பதைக் காலின் நுனியும் கண்ணாடிக்குள் தெரியும் அதன் பிம்பமும் ஒன்றையொன்று முட்டுவதைப் பக்கவாட்டில் பார்த்து அறியலாம். கால்களின் நுனியில் குண்டு பொருத்திய கருவியாக இருந்தால், புடைத்த பரப்பில் வரும் விடையிலிருந்து குண்டின் ஆரத்தைக் கழிக்க வேண்டும். குழிந்த பரப்பில் கூட்ட வேண்டும். 40 மில்லிமீட்டர் கால் இடைவெளி உள்ள கோளமானிக்கு, லென்ஸ் 46 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால்தான் மூன்று கால்களும் அதன்மேல் நிற்கும். அதற்குக் குறைந்தவற்றுக்கு எதிரொளிப்பு முறைதான் துணை. பதிவேட்டில் இரண்டு விடைகளையும் எழுதி, வேறுபாட்டுக்கான காரணத்தையும் எழுதுங்கள்.

கேள்வி: எங்களிடம் உள்ள சிறிய பித்தளைத் தொலைநோக்கியின் முன்லென்ஸ் இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்ததுபோல் இருக்கிறது, ஓரத்தில் கோடு தெரிகிறது. சூடேற்றிப் பிரித்தால் உள் வளைவையும் அளந்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?
– வாசகர், கோட்டையூர்

பதில்: செய்யாதீர்கள். அது கிரவுன் கண்ணாடிக் குவிலென்ஸையும் ஃபிளிண்ட் கண்ணாடிக் குழிலென்ஸையும் சேர்த்து நிறப்பிறழ்ச்சியை நீக்கும் அமைப்பு. லண்டனில் ஜான் டாலண்ட் 1758 இல் காப்புரிமை பெற்றதற்குப் பிறகு பரவலானது. பழைய லென்ஸ்களை ஒட்டப் பயன்படுத்தியது கனடா பால்சம் என்ற மரப்பிசின். சூட்டில் பிசின் இளகும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு கண்ணாடிகளும் ஒரே அளவில் விரிவதில்லை. வெப்பம் சமமாக ஏறாவிட்டால் ஒன்றில் விரிசல் விழும். பிரித்த பிறகு மையம் பிசகாமல் மீண்டும் ஒட்டுவது அதைவிடக் கடினம்.

பிரிக்காமலே உள் வளைவை எட்ட முடியும். வெளிப்பரப்புகள் இரண்டையும் முதல் பதிலில் சொன்ன பாய்ஸ் முறையால் அப்படியே அளக்கலாம். ஒளி கடைசிப் பரப்பில் செங்குத்தாக மோதுவது ஒன்றே அந்த முறைக்கு வேண்டியது என்பதால், நடுவில் எத்தனை கண்ணாடி இருந்தாலும் மொத்தக் குவியத் தொலைவு தெரிந்தால் போதும். ஒரு மாதிரிக் கணக்கு: மொத்தக் குவியத் தொலைவு 250, கிரவுன் பக்கத்தின் ஆரம் 150, ஃபிளிண்ட் பக்கத்தின் ஆரம் 363.

உள் பரப்பும் எதிரொளிக்கிறது, ஆனால் மிக மங்கலாக. ஒட்டிய இரண்டு கண்ணாடிகளின் ஒளிவிலகல் எண்கள் 1.52, 1.62 என்று அருகருகே இருப்பதால், அங்கே திரும்புவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. வெளிப்பரப்பு தரும் பிம்பத்தைவிட ஏறத்தாழ நாற்பது மடங்கு மங்கல். இரவில், எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, வலுவான எல்.இ.டி. டார்ச்சோடு, கிரவுன் பக்கம் அட்டையைப் பார்க்கும்படி வைத்து, மிக அருகிலிருந்து தேடத் தொடங்குங்கள். நம் மாதிரியில் அந்தப் பிம்பம் 49 மில்லிமீட்டரில் வரும். கணக்கு இது: 1000 ஐ 49 ஆல் வகுத்தால் 20.41. கிரவுனின் ஒளிவிலகல் எண்ணை 1.517 என்று கொண்டு, 517 ஐ 150 ஆல் வகுத்து வரும் 3.45 ஐ அதிலிருந்து கழித்தால் 16.96. அதை 1.517 ஆல் வகுத்தால் 11.18. 1000 ஐ அதனால் வகுத்தால் உள் ஆரம் ஏறத்தாழ 89 மில்லிமீட்டர். ஒளிவிலகல் எண்ணை 1.53 என்று வைத்துக்கொண்டாலும், விடை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே மாறும். ஆகவே அந்த ஊகம் பெரிய தீங்கு செய்யாது.

இந்த விடையைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. பரவலாகப் பயன்படும் கிரவுன், ஃபிளிண்ட் இணையில் நிறப்பிறழ்ச்சி நீங்க வேண்டுமானால், கிரவுன் பகுதியின் பவர் மொத்தப் பவரைப் போல் 2.31 மடங்காக இருக்க வேண்டும். 250 ஐ 2.31 ஆல் வகுத்தால் 108. ஆரங்கள் 150, 89, ஒளிவிலகல் எண் 1.517 ஆகியவற்றிலிருந்து கிரவுன் பகுதியின் குவியத் தொலைவைக் கணக்கிட்டாலும் 108 தான் வருகிறது. உங்கள் அளவுகளில் இந்த இரண்டும் பொருந்தினால், உள்ளே இருக்கும் கண்ணாடிகளின் வகையும் ஏறத்தாழத் தெரிந்துவிட்டது என்று கொள்ளலாம். பொருந்தாவிட்டால், அது வேறு வகைக் கண்ணாடி இணை. அல்லது நீங்கள் பிடித்த மூன்றாவது பிம்பம் உள் பரப்பினுடையது அன்று.

கேள்வி: கிட்டப்பார்வைக்குப் போடும் மைனஸ் லென்ஸை இந்த முறையில் அளக்க முடியுமா?
– வாசகர், கண்டனூர்

பதில்: இன்னும் எளிதாகவே முடியும். குழிந்த பக்கத்தை அட்டைக்கு எதிரே வைத்தால் அதுவே நேரடியாகக் குழியாடி. பிம்பம் தெளியும் தூரமே ஆரம், வேறு கணக்கில்லை. ஆனால் மூக்குக் கண்ணாடிகளில் அப்பால் உள்ள பக்கம் புடைத்திருப்பதால், அதுவும் வேறொரு தூரத்தில் பிம்பம் தரக்கூடும். எது எந்தப் பக்கத்தினுடையது என்ற ஐயம் வந்தால், அப்பால் உள்ள பக்கத்தைத் தண்ணீரால் நனையுங்கள். கண்ணாடியோடு காற்றுக்குப் பதில் தண்ணீர் சேரும்போது, அங்கே எதிரொளிப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நனைத்ததும் மங்கிப்போகும் பிம்பம் அந்தப் பக்கத்தினுடையது. மங்காதது உங்கள் எதிரே உள்ள குழிந்த பக்கத்தினுடையது.

கேள்வி: எங்கள் ஐயா போட்டிருந்த வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் பளிங்குக் கல்லில் செய்தது என்பார்கள். அது உண்மையா என்று எப்படி அறிவது? பளிங்காக இருந்தால் வளைவு கணக்கிடும் முறை மாறுமா?
– வாசகர், அரியக்குடி

பதில்: பளிங்கை, அதாவது படிகக் குவார்ட்ஸை, மூக்குக் கண்ணாடிக்குக் கடைந்தது உண்மையே, கண்ணாடியைவிடக் கடினமானது என்பதால் எளிதில் கீறல் விழாது. கீறிப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். முதல் பதிலில் சொன்ன தண்ணீர்த் தராசில் அடர்த்தி 2.65 வந்தால் பளிங்கு, 2.5 அளவில் வந்தால் கிரவுன் கண்ணாடி. சிறிய லென்ஸ் என்பதால் 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும்.

வளைவு கணக்கிடும் முறை மாறாது. பாய்ஸ் முறையில் ஆரத்தைத் தருவது நீங்கள் அளந்த இரண்டு தூரங்கள் மட்டுமே. பொருள் எதுவென்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. கடைசியில் வரும் ஒளிவிலகல் எண் மட்டும் 1.52 க்குப் பதிலாக 1.54 ஐ ஒட்டி நிற்கும். ஆனால் வீட்டு அளவுகளில் வரும் பிழையே அந்த வேறுபாட்டை விழுங்கிவிடக் கூடியது என்பதால், அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். அதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. மடிக்கணினியின் எல்.சி.டி. திரையை வெள்ளையாக ஒளிரவிட்டு, போலராய்டு வெயில் கண்ணாடி வழியே அதைப் பார்த்தபடி, திரை கறுத்துப்போகும்வரை வெயில் கண்ணாடியைச் சுழற்றுங்கள். பிறகு ஐயாவின் லென்ஸை இரண்டுக்கும் நடுவே பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். சாதாரணக் கண்ணாடி கறுப்பாகவே இருக்கும். பளிங்கு வெளிச்சமாகவோ நிறங்களோடோ தெரியும். சட்டம் இறுக்கிப் பிடித்த ஓரங்களில் சாதாரணக் கண்ணாடியும் சற்று வெளிச்சம் காட்டுவது உண்டு. ஆகவே லென்ஸின் நடுப்பகுதியைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.